எதிரணு அன்று, எதிர்ப்பொருள்

டெங்கு பரவும் மாதங்களில் தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டைப் பக்கத்து இரத்தப் பரிசோதனை நிலையங்களின் அறிவிப்புகளில் ‘எதிரணு’ என்ற சொல் ஓயாமல் கண்ணில் படுகிறது. நோய்க்கிருமிகளை எதிர்க்க உடல் உருவாக்கும் பொருளான ஆன்டிபாடி என்பதற்கு அதைத் தமிழாகக் கொள்கிறார்கள். பாடநூல்கள் வழங்கும் ‘எதிர்ப்பொருள்’ இருக்க, இந்தத் தவறான சொல் எதற்கு?

ஜெர்மானிய அறிவியலாளர் பால் எர்லிக் 1891இல் எழுதிய ‘ஆன்டிகோர்ப்பர்’ என்பதே மூலம். ‘கோர்ப்பர்’ உடலையும் குறிக்கும், பருப்பொருளையும் குறிக்கும்.

இரத்தத்தைப் பற்றிப் பேசும்போது அணு என்றால் தமிழர் சிவப்பணுவையும் வெள்ளையணுவையுமே நினைப்பர். எதிர்ப்பொருளோ அணு அன்று. வெள்ளையணுக்களில் ஒரு வகை உருவாக்கி வெளிவிடும் புரதம். உறையாமல் காத்த இரத்தத்தை மையவிலக்குப் பொறியில் சுழற்றினால், அணுக்கள் அடியில் படிய, மேலே வெளிர்மஞ்சளாகக் குருதிநீர், அதாவது பிளாஸ்மா, தெளிந்து நிற்கும். இரத்தத்தின் பருமனில் அது ஏறத்தாழ 55 விழுக்காடு. எதிர்ப்பொருள்கள் மிதப்பது அதில்தான். அணுக்களை நீக்கிவிட்ட நீரில் ‘எதிரணு’வைத் தேடுவதாக எழுதினால் படிப்பவருக்கு என்ன விளங்கும்? ‘பிறபொருளெதிரி’ என்பாரும் உளர். உடல் தன் புரதத்துக்கு எதிராகவே எதிர்ப்பொருளை உருவாக்கும் நோய்களில் அந்தப் ‘பிற’ பொருந்தாது.

இதைவிடப் பெரிய கேடு, எல்லாவற்றையும் ‘எதிரணுப் பரிசோதனை’ என்று ஒரே பெயரில் அடைப்பது. காய்ச்சலின் முதல் சில நாள்களில் செய்யும் என்.எஸ்.1 எலைசா என்னும் இரத்தப் பரிசோதனையில் தேடப்படுவது டெங்குக் கிருமியின் புரதம். எதிர்ப்பொருள் அங்கே கருவி. தட்டின் குழிகளில் ஒட்டவைத்த எதிர்ப்பொருள், ஊற்றிய நோயாளியின் குருதிநீரிலிருந்து அந்தப் புரதத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கழுவிய பின் நொதி இணைத்த இரண்டாம் எதிர்ப்பொருள் அதன்மேல் பற்றும். நொதிக்குரிய வேதிப்பொருளைச் சேர்த்ததும் நிறம் தோன்றும். சில நாள் கழித்துச் செய்யும் ஐ.ஜி.எம். பரிசோதனையிலோ நோயாளியின் எதிர்ப்பொருளே தேடப்படுகிறது. முன்னதில் ‘பாசிட்டிவ்’ என்று வந்ததைப் பார்த்து, உடம்பில் எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டது என்று ஒருவர் நிம்மதியடைந்ததைக் கேட்டிருக்கிறேன்; அந்த நிம்மதி ஆபத்தானது.

எதிர்ப்பொருளால் கண்டறிதல், எதிர்ப்பொருளைக் கண்டறிதல்: இவ்வளவுதான் வேறுபாடு. ‘ஆல்’, ‘ஐ’ என்னும் இரண்டு உருபுகள் அதைத் தெளிவாகக் காட்டிவிடும். ஆங்கிலத் தொடரைப் பார்த்துப் பெயர்ச்சொற்களை வரிசையாக அடுக்கும் மொழிபெயர்ப்பாளர்கள் அந்த உருபுகளையே வெட்டி எறிகிறார்கள். என்.எஸ்.1 முடிவுத் தாளில் ‘டெங்குக் கிருமியின் புரதம் இரத்தத்தில் உள்ளது’ என்று எழுதினால் போதும். அங்கே எதிர்ப்பொருளின் பெயரே வர வேண்டியதில்லை.