சிமுலேஷன்: போலச்செய்தல்

ஒன்றின் இயக்கத்தைக் கருவியிலோ கணினியிலோ அதைப் போலவே நடத்திப் பார்ப்பது சிமுலேஷன். இந்தச் சொல்லுக்குத் தமிழில் இன்று பாவனை, உருவகப்படுத்துதல், போலச்செய்தல் என்று மூன்று பெயர்கள் புழங்குகின்றன. எதை எழுதினாலும் பொருள் விளங்கிவிடும் என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மனிதரின் புலன்கள் அசைவை எப்படி உணர்கின்றன என்று ஆராயும் துறைக்கு இது உயிர்நாடியான சொல். அங்கே பெயர் பிசகினால் கருத்தும் பிசகும்.

இலத்தீனில் 'சிமிலிஸ்' என்றால் ஒத்தது. அதன் வழி வந்த 'சிமுலாரே' என்பதற்கு ஒன்றைப் போல ஆக்குதல், ஒன்றைப் போல நடித்தல் என்று இரு பொருளும் உண்டு. ஆங்கிலத்தில் நெடுங்காலம் மேலோங்கி நின்றது நடிப்புதான். 1625-இல் ஆங்கிலத் தத்துவ அறிஞர் பிரான்சிஸ் பேக்கன் எழுதிய கட்டுரை ஒன்று, இல்லாததை இருப்பதாகக் காட்டுவதைச் சிமுலேஷன் என்றும், இருப்பதை மறைப்பதை டிஸ்சிமுலேஷன் என்றும் பிரித்துக் காட்டியது. 20-ஆம் நூற்றாண்டில் பயிற்சிக் கருவிகளும் கணினிகளும் வந்த பிறகே இச்சொல் அறிவியலில் மதிப்பான இடம் பெற்றது. சிமுலேஷனுக்கு ஈடாகத் தோன்றக்கூடிய நம் 'போலி'யின் கதை இதற்கு நேர்மாறானது. அறம் என்பது அறன் என நிற்பதைக் கடைப்போலி என்று இலக்கணம் கண்ணியமாகவே சொன்னது. இன்றோ போலி மருத்துவர், போலிப் பத்திரம் என்று அச்சொல் தாழ்ந்துவிட்டது. அதை மீட்டெடுத்து அறிவியலில் வைப்பது கடினம்.

பாவனை வடமொழி வழி வந்தது. மனத்தில் ஒன்றை நிறுத்தி எண்ணுதல் என்ற பொருளில் சைவ நூல்களில் ஆழமான இடம் பெற்ற சொல். பேச்சில் அது 'பாவனை காட்டுகிறான்' என்று பாசாங்கைக் குறிக்கிறது. இலங்கைத் தமிழிலோ பயன்பாடு என்று பொருள்; அங்கே பாவனையாளர் என்றால் பயன்படுத்துபவர். ஒரே கட்டுரை உதகையில் ஒரு பொருளும் யாழ்ப்பாணத்தில் வேறு பொருளும் தந்தால் கலைச்சொல்லால் என்ன பயன்?

உருவகப்படுத்துதல் மீதுதான் என் பெரிய மறுப்பு. உருவகம் ஏற்கெனவே அணியிலக்கணத்தின் சொல் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அது உருவத்தை முன்னே நிறுத்துகிறது.

உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையை எடுத்துக்கொள்வோம். 36 கொண்டை ஊசி வளைவுகள், செங்குத்தான இறக்கம். ஏறும் கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலை டிரைவர்களின் விதி. அது தெரியாத சமவெளிக்காரர் பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கும்போது, சூடேறிய பிரேக் பிடிப்பை இழக்கிறது. அந்தப் பாதையில் ஓட்டிப் பழகுவதற்கு ஒரு கணினிப் பயிற்சி செய்கிறோம் என்று வையுங்கள். ஒவ்வொரு மரமும், ஓரத் தடுப்புச் சுவரும், வளைவு எண் எழுதிய பலகையும் அச்சு அசலாகத் திரையில் இருக்கின்றன. ஆனால் எவ்வளவு மிதித்தாலும் பிரேக் சூடேறுவதில்லை. அது அழகான படம், அவ்வளவே. இன்னொன்றில் சாலை என்பது இரண்டு வெள்ளைக் கோடுகள்தான்; ஆனால் வண்டியின் எடை முன்னே தள்ளுகிறது, கியரைக் குறைத்தால் எஞ்சின் பிடித்து நிறுத்துகிறது, பிரேக் மெல்ல மெல்லத் தளர்கிறது. சிமுலேஷன் என்ற பெயருக்கு உரியது இந்த இரண்டாவதுதான்.

தொல்காப்பியம் உவமை பிறக்கும் வகையை வினை, பயன், மெய், உரு என நான்காகப் பிரிக்கிறது. செயலால் ஒத்தல், பயனால் ஒத்தல், வடிவால் ஒத்தல், நிறத்தால் ஒத்தல் என்று உரையாசிரியர்கள் விரிப்பார்கள். அந்த அளவுகோலில் சிமுலேஷன் வினையால் ஒப்பது. மெய்யும் உருவும் ஒத்திருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறையில்லை. ஆகவே 'செய்' என்ற வினையைத் தன்னுள் வைத்திருக்கும் போலச்செய்தல்தான் பொருத்தமான தமிழ் என்பேன்.

இத்துறையின் வரலாறும் இதற்குத் துணை நிற்கிறது. 1929-இல் அமெரிக்காவில் எட்வின் லிங்க் ஒரு விமானப் பயிற்சிக் கருவி செய்தார். அவருடைய குடும்பத் தொழில் ஆர்கன் இசைக்கருவி செய்வது. அதன் காற்றுத் துருத்திகளையே கொண்டு ஒரு சிறு பெட்டியைச் சாய்க்கவும் திருப்பவும் வைத்தார். மூடியைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பவருக்கு வானமும் தெரியாது, நிலமும் தெரியாது. அளவு காட்டும் முள்களும் உடலில் உணரும் சாய்வும் மட்டுமே. காட்சி ஏதுமின்றியே இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானிகள் பெருந்திரளாக அதில் பழகினார்கள்.

பின்னால் வந்த, நீண்டு சுருங்கும் ஆறு கால்களின் மேல் நின்று அசையும் மேடைகள் இதைவிட நுட்பமானவை. ஓர் அறைக்குள் நிற்கும் மேடை வண்டியைப் போல முடுக்கிக்கொண்டே ஓட முடியாது, சுவர் வந்துவிடும். எனவே இருக்கையை மெல்லப் பின்னே சாய்க்கிறார்கள். முதுகை அழுத்துவது புவியீர்ப்பு. ஆனால் திரையில் சாலை விரைந்து ஓடும்போது, வண்டி முன்னே பாய்வதாகவே உணர்கிறோம். நம் உள்காதில் நேர்கோட்டு முடுக்கத்தை அறியும் உறுப்பால் சாய்வையும் முடுக்கத்தையும் தனித்தனியே பிரித்தறிய முடியாது. சாய்க்கும் வேகம் மட்டும் நொடிக்குச் சுமார் 3 பாகைக்குள் இருக்க வேண்டும். மிஞ்சினால் உள்காதின் அரைவட்டக் குழல்கள் சுழற்சியைக் கண்டுகொள்ளும். மனிதப் புலனின் எல்லையை அளந்து, அந்த எல்லைக்குள்ளேயே வேலை செய்யும் இந்தத் திறமையை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

கண்ணும் உள்காதும் சொல்வது ஒத்துப்போகாவிட்டால் குமட்டல். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறும் பஸ்ஸில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு வருபவருக்குக் காது 'திரும்புகிறோம்' என்கிறது. கண் 'அசைவில்லை' என்கிறது. வளைவை முன்கூட்டியே அறிந்து திருப்பும் டிரைவருக்கு அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. அசையாத சிமுலேட்டரில் இது தலைகீழாகும்: கண் ஓடுகிறது, காது நிற்கிறது. ஹெலிகாப்டர் பயிற்சிக் கருவியில் அமர்ந்தவர்களுக்கு இப்படி நேர்ந்தது 1957-இலேயே பதிவாகியிருக்கிறது. புலன்களின் முரண்தான் காரணம் என்பது பரவலான விளக்கம். உடல் நிலைகொள்ளத் தடுமாறுவதே காரணம் என்று 1991-இல் ரிச்சியோ, ஸ்டோஃப்ரெகன் என்ற இரு ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். குமட்டலுக்கான 'நாசியா' என்ற சொல் கிரேக்கத்தில் கப்பலைக் குறிக்கும் 'நாவுஸ்' என்பதிலிருந்து பிறந்தது. கிரேக்கர்களுக்கு அது கடல் தந்த நோய்.

கருவியைச் சிமுலேட்டர் என்றே எழுதலாம். அச்சில் பழகிவிட்ட சொல். செயலைக் குறிக்கும்போது போலச்செய்தல் என்போம்: 'மழைநீர் ஓட்டத்தைக் கணினியில் போலச்செய்து பார்த்தார்கள்.' மாடல் என்பதற்குரிய 'மாதிரி'யை இதனோடு குழப்பக்கூடாது. மலைச்சரிவின் அளவுகளும் மண்ணின் தன்மையும் நீர் பாயும் விதிகளும் சேர்ந்தது மாதிரி. அந்த மாதிரியின் மேல் ஒரு நாள் மழையைப் பெய்யவிட்டு, மணிக்கு மணி நீர் எங்கே சேர்கிறது என்று பார்ப்பது போலச்செய்தல்.