ஃபாயா: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

ஸ்பெயினின் கிழக்குக் கடற்கரையில் வலென்சியா, காந்தியா, தேனியா என்று எந்த ஊருக்கு மார்ச் நடுவில் போனாலும் தெருமுனையில் ஒரு ஃபாயா, அதாவது விழா முடிவில் எரிப்பதற்கென்றே செய்த பெரிய பொம்மைக் கூட்டம், நிற்கும். எழுத்தில் இரண்டு ‘ல்’ வருவதைப் பார்த்துப் பலர் ‘ஃபால்லா’ என்று எழுதிவிடுகிறார்கள், ஸ்பானிஷில் அந்த இரட்டை எழுத்துக்கு ஒலி ‘ய’. பிழை, குறை என்ற பொருளிலும் அங்கே ஒரு ‘ஃபாயா’ உண்டு, ஆனால் அதன் வேர் வேறு.

நம்முடைய ஃபாயா லத்தீனிலிருந்து வந்தது. ‘ஃபாக்ஸ்’ என்றால் தீப்பந்தம். அதன் சிறு வடிவம் ‘ஃபாக்குலா’, அது நாக்கில் தேய்ந்து தேய்ந்து இப்படி ஆகிவிட்டது. இடைக்கால வலென்சியாவில் இந்தச் சொல் பந்தத்தைத்தான் குறித்தது. பிரனீஸ் மலையூர்களில் கோடைத் தொடக்கத்து இரவில் பந்தம் ஏந்தி மலையிலிருந்து இறங்கி வருவார்களே, அங்கே பல ஊர்களில் பந்தத்துக்கு இன்னும் இதே பெயர்தான். யுனெஸ்கோ பட்டியலில் அந்த மலை விழா 2015-இலும் வலென்சியா விழா 2016-இலும் சேர்ந்தன.

கடற்கரையில் மட்டும் பொருள் நகர்ந்துகொண்டே போனது. பந்தம், பிறகு தெருவில் மூட்டும் நெருப்பு, பிறகு அந்த நெருப்புக்காகவே செய்யும் பொம்மைக் கூட்டம், கடைசியில் அதற்குப் பணம் திரட்டும் தெருக்காரர்களின் சங்கம்கூட ஃபாயாதான். தச்சர்கள் குளிர்காலம் முழுக்க விளக்கு மாட்டிவைத்த மரத்தாங்கியை, தங்கள் காவலரான புனித யோசேப்பின் திருநாளையொட்டி எரித்ததில் இந்த விழா தொடங்கியது என்று ஊரில் சொல்வார்கள். இப்போது மார்ச் 15-இல் நிறுத்திவிட்டு, 19-ஆம் தேதி இரவு எரிக்கிறார்கள். தீயணைப்பு வீரர்கள் பக்கத்து வீட்டுச் சுவர்களில் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே நிற்பார்கள், பட்டாசுத் திரி பற்றி ஏறும், ஐந்தாறு மாடி உயரத்துக்கு மாதக்கணக்கில் இழைத்துச் செய்தது கொஞ்ச நேரத்தில் எலும்புக்கூடாகிவிடும். விழா ராணியாக உடுத்தியிருக்கும் பெண் அதைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுவாள்.

சரி, தமிழில்? ‘பொம்மைத் திருவிழா’ என்றால் நெருப்பு காணாமல் போகிறது. ‘உருவபொம்மை எரிப்பு’ என்றால் போராட்டச் செய்தி மாதிரி ஆகிவிடும். அரசியல்வாதிகளைக் கிண்டலடிக்கும் உருவங்கள் இதில் ஏராளம் என்றாலும் வெறுப்பில் எரிப்பதல்ல இது. சொக்கப்பனை மனதுக்கு நெருக்கமாக இருக்கிறது, ஆனால் அது கார்த்திகையோடு பிறந்த சொல், பிரித்தெடுக்கக் கூடாது. நான் ‘எரிபாவை’ என்கிறேன். வினைத்தொகை என்பதால் எரிந்த பாவை, எரிகின்ற பாவை, எரியும் பாவை மூன்றும் அதற்குள் அடங்கும். விழாவை எரிபாவைத் திருவிழா எனலாம், பெயராகக் குறிக்கும்போது ஃபாயா என்றே இருக்கட்டும்.

ஃபாயாவில் நிற்கும் தனி உருவத்துக்கு ‘நினோத்’ என்று பெயர், அதற்குப் ‘பாவை’ போதும். 1934 முதல் மக்கள் வாக்களித்து ஒன்றைத் தீயிலிருந்து காப்பாற்றி அருங்காட்சியகத்துக்கு அனுப்புகிறார்கள். அதை அவர்கள் ‘மன்னிப்புப் பெற்ற நினோத்’ என்பார்கள், நாம் ‘உயிர்ப்பிச்சை பெற்ற பாவை’ என்று சொல்லலாம்.