மேல் நுரையீரலில் நிழல் என்றாலே டிபி அல்ல

வேலூர் பக்கத்தில் ஹவுஸ் சர்ஜனாக இருக்கும் பிள்ளைகளிடம் நுரையீரலின் மேல் பகுதி வெளுத்துத் தெரியும் ஒரு எக்ஸ்ரேயைக் காட்டினால், உடனே வரும் பதில் "டிபி சார்". பல நேரம் அது சரியாகவே இருக்கும். காசநோய் இங்கே அவ்வளவு பரவலாக இருக்கிறது. என் கவலையும் அங்கேதான். இதே ஊர்களில்தான் கல் குவாரியிலும் கிரஷரிலும் தூசியைச் சுவாசித்தவர்கள் இருக்கிறார்கள். பல வருஷம் பீடி குடித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் படத்திலும் வெள்ளை நிழல் மேல் பகுதியில்தான் முதலில் கண்ணில் படும்.

நோயைத் தேடுவதற்கு முன் படம் நம்பக்கூடியதா என்று பாருங்கள். பெயர், தேதி, இடம் வலம் குறி. கழுத்துக்குக் கீழே இருபக்கமும் இருக்கும் காறை எலும்புகளின் உள்முனைகளும் முதுகெலும்பின் நடு முள்ளிலிருந்து சம தூரத்தில் இருந்தால் நோயாளி திரும்பி நிற்கவில்லை. பின்பக்க விலா எலும்புகள் 9 அல்லது 10 தெரிந்தால் மூச்சை நன்றாக இழுத்திருக்கிறார். படுக்கையில் வைத்து முன்பக்கமிருந்து எடுத்த படத்தில் இதயம் பெரிதாகத்தான் தெரியும். அதை வைத்து இதய வீக்கம் என்று எழுதிவிடாதீர்கள். மார்பு அகலத்தில் பாதிக்கு மேல் இதயம் இருக்கக் கூடாது என்ற கணக்கு, நின்றபடி பின்பக்கமிருந்து எடுத்த படத்துக்குத்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஐம்பதைத் தாண்டிய ஒரு கட்டடத் தொழிலாளி வலது தோள் வலியோடு வந்தார். வேறோர் இடத்தில் எக்ஸ்ரே எடுத்து, வலது நுரையீரலின் உச்சியில் நிழல் இருக்கிறது என்று டிபி மாத்திரை கொடுத்திருந்தார்கள். சளியில் கிருமி கிடைக்கவில்லை. மாதங்கள் போயும் வலி குறையவில்லை. அந்தப் பழைய படத்தையே வியூ பாக்ஸில் போட்டு, விலா எலும்புகளை ஒவ்வொன்றாக முதுகுத்தண்டிலிருந்து விரலால் தொடர்ந்து வந்தால் போதும். முதல் எலும்பின் கரை முழுசாக இருந்தது. இரண்டாவது எலும்பில், பின்பக்கம் ஒரு சின்ன நீளத்துக்குக் கரையே இல்லை, அரித்துப் போயிருந்தது. அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தோம்: வலது இமை கொஞ்சம் தாழ்ந்திருந்தது, அந்தப் பக்கக் கண்மணி சிறுத்திருந்தது. வலி கையின் உள்பக்கமாகச் சுண்டு விரல் வரை இறங்குவதாகச் சொன்னார். நுரையீரல் உச்சியில் வளர்ந்து, கண்ணுக்கும் கைக்கும் போகும் பக்கத்து நரம்புகளையும் தொட்ட புற்றுநோய். ஊசி வழியாகத் திசு எடுத்து உறுதி செய்தோம்.

நிழலை எல்லாரும் பார்த்திருந்தார்கள். அதைப் பார்த்ததோடு பார்வை நின்றுவிட்டது. முதல் கோளாறு கண்ணில் பட்டதும் தேடுவதை நிறுத்துவது மனித இயல்பு; நீங்கள் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். காறை எலும்புக்குப் பின்னால், இதயத்துக்குப் பின்னால், உதரவிதானத்துக்குக் கீழே என்று ஒளிவிடங்களைத் தனியாகப் பாருங்கள். நின்றபடி எடுத்த படத்தில் வலது உதரவிதானத்துக்கு அடியில் மெல்லிய கறுப்புப் பிறை தெரிந்தால், குடல் ஓட்டையை நினைக்காமல் நகரக் கூடாது.

குவாரிக்காரர்கள் படம் இன்னொரு வகை. மேல் பகுதிகளில் சின்னச் சின்ன உருண்டைகள். சிலருக்கு மூச்சுக்குழாய் நுழையும் நுரையீரல் வேரிலுள்ள நெறிக்கட்டிகளின் ஓரம் மட்டும் சுண்ணாம்பேறி வளையமாகத் தெரியும். இரத்தத்தில் பரவிய டிபியிலும் 1 முதல் 3 மில்லிமீட்டர் புள்ளிகள் உண்டு, ஆனால் அவை நுரையீரல் முழுக்க ஒரே சீராகத் தூவிக் கிடக்கும். அந்த நோயாளி காய்ச்சலோடு மெலிந்துபோய் வருவார். கல்லிலிருந்து வரும் சிலிகா தூசி படிந்த நுரையீரலுக்கு டிபி எளிதில் வரும் என்பதால், இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். அதனால் டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் பரிசோதனைக்குச் சளியை அனுப்பாமல் படத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

பழைய படத்தைக் கேளுங்கள். நம் மக்கள் அதை லேசில் தூக்கிப்போட மாட்டார்கள்; துணிக்கடைப் பையில் சுருட்டி பீரோ மேலே வைத்திருப்பார்கள். "ஐயா, முன்னாடி எடுத்த படம் ஏதாவது வீட்டுல இருக்கா?" என்று கேட்டால் மறுநாளே பையோடு வந்து நிற்பார்கள். ஐந்து வருஷம் முன்பும் அதே அளவில் இருந்த நிழல் பெரும்பாலும் பழைய தழும்பு. அப்போது இல்லாமல் இப்போது வந்திருந்தால் கதை வேறு.

சந்தேகம் தீராவிட்டால்தான் சிடி ஸ்கேன். அதன் கதிர்வீச்சு எக்ஸ்ரேயைப் போலப் பல மடங்கு. குறுக்குவெட்டுப் படத்தை நோயாளியின் காலடியிலிருந்து பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்; உங்கள் இடது கைப் பக்கம் அவருடைய வலது. நுரையீரல் விண்டோவில், அதாவது நுரையீரல் தெளிவாகத் தெரியும் வெளிச்ச அமைப்பில், மட்டும் பார்த்து மூடிவிடக் கூடாது. மென்திசு விண்டோவில் நெறிக்கட்டிகளையும், எலும்பு விண்டோவில் விலா எலும்புகளையும் மறுபடி மேலிருந்து கீழே ஓட்டிப் பாருங்கள்.

சிடிக்கு அனுப்பும் சீட்டில் "மார்பு வலி" என்று இரண்டு வார்த்தை எழுதினால் ரேடியாலஜிஸ்டுக்கு ஒன்றும் புரியாது. "58 வயது, கிரஷரில் 20 வருஷம், பீடி உண்டு, வலது தோள் வலி 3 மாதம், சளியில் கிருமி இல்லை, பழைய படம் இணைப்பு" என்று எழுதிப் பாருங்கள். அவர் முதலில் எலும்பைத்தான் பார்ப்பார்.