பாட்டுப் புத்தகத்தை லேமினேட் செய்யாதீர்கள்

பழைய நூல்களைச் செப்பனிடுவது என் தொழில். சமீப காலமாகப் பாட்டுப் புத்தகம் சேர்ப்பவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். அல்லி அரசாணி மாலை, தேசிங்கு ராஜன் கதை என்று பெரிய எழுத்தில் அச்சான கதைப்பாடல்கள், சென்னையில் குஜிலி என்ற பழைய கடைத்தெருவில் அணாக் கணக்கில் விற்ற சிந்து, கும்மி, ஒப்பாரிப் புத்தகங்கள். திண்ணையில் ஒருவர் ராகம் போட்டுப் படிக்க, தெருவே உட்கார்ந்து கேட்ட பாட்டுகள் இவை. தேடிச் சேர்க்க ஆள் வந்ததில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். ஆனால் காலம் செய்த சேதத்தை ஓரளவு சரிசெய்துவிடலாம். ஆசையாக வாங்கியவர் செய்த சேதத்தைப் பல நேரம் ஒன்றும் செய்ய முடிவதில்லை.

லேமினேஷனில் இருந்து தொடங்குகிறேன். இவற்றில் பெரும்பாலானவை மலிவான மரக்கூழ்த் தாளில் அச்சானவை. மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் அந்தத் தாளில் அப்படியே தங்கியிருக்கும். வெளிச்சமும் காற்றும் படப்பட அது பழுப்பேறும், தாளில் அமிலம் கூடும், மடித்த இடத்தில் அப்பளமாக நொறுங்கும். பழையது என்றாலே தாள் இப்படித்தான் ஆகும் என்றில்லை. துணிக்கூழ்த் தாளில் அச்சான இன்னும் பழைய நூல்கள் இன்றும் உறுதியாக இருக்கின்றன. லேமினேட் செய்தால் அமிலம் உள்ளேயே அடைபடும். சூட்டில் உருகிய பசை தாளின் இழைக்குள் இறங்கிவிடும், பிறகு பிரிக்க வழியில்லை. செல்லோ டேப்பும் அப்படித்தான்: சில வருஷங்களில் பிளாஸ்டிக் உரிந்து விழும், பசை மஞ்சள் கறையாக நிற்கும். கிழிசல் ஒட்ட நாங்கள் மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை ஸ்டார்ச் பசையும்தான் வைக்கிறோம். தண்ணீர் பட்டால் இளகும். நாளைக்கு வேறொருவர் பிரித்து இன்னும் நன்றாகச் செய்யலாம்.

அடுத்தது பைண்டிங். அண்மையில் நல்லதங்காள் கதைப் பிரதி ஒன்று வந்தது. பக்கம் புரட்டிய கட்டைவிரலின் எண்ணெய்ப் பிசுக்கு கீழ் மூலையில் கறுப்பாக ஏறியிருந்தது. அவள் பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளுகிற பக்கங்கள் மட்டும் மற்றவற்றைவிட இரண்டு மடங்கு நைந்திருந்தன. ஓரத்தில் பென்சிலில், 'இங்கே நிறுத்தி அழ வேண்டும்.' படித்தவர் தனக்காக எழுதிவைத்த குறிப்பு அது. பாட்டு எப்படிப் பாடப்பட்டது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்? அந்த ஓரத்தைத்தான் மட்டமாக வெட்டிப் புது அட்டை போட உரிமையாளர் நினைத்திருந்தார். நல்லவேளை, வெட்டுவதற்கு முன் கேட்டார். கறையைத் துடைக்காதீர்கள், ஓரத்தை வெட்டாதீர்கள். பல பாட்டுகளை ஒருவர் ஒன்றாகத் தைத்து வைத்திருந்தால் பிரித்து விற்கவும் வேண்டாம். அவர் வீட்டில் எவையெல்லாம் சேர்த்துப் பாடப்பட்டன என்பதை அந்தத் தையல் சொல்கிறது. துருப்பிடித்த கம்பிப் பின்னை மட்டும் எடுத்துவிடலாம், அதையும் இழுக்காமல், மெதுவாக நிமிர்த்தி.

வாங்கும்போது ஆண்டைக் கவனியுங்கள். 'தாது வருஷம்' என்று இருந்தால் உடனே பஞ்ச காலம், 1876 என்று விலை சொல்வார்கள். அறுபது வருஷச் சுற்றில் 1936-லும் தாது வந்தது. ஆண்டே போடாத பிரதியில் விலையைப் பாருங்கள்: அணா என்றால் பெரும்பாலும் 1957-க்கு முந்தியது, நயா பைசா என்றால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. பின்னட்டையில் பதிப்பகத்தார் போட்டிருக்கும் மற்ற நூல்களின் பட்டியலும் கை கொடுக்கும், அதனால் கிழிந்த அட்டையைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். நூலக முத்திரை இருந்து, நூலகமே கழித்துக்கட்டியது என்பதற்கான முத்திரை இல்லையென்றால் திருட்டுப் பிரதியாக இருக்கலாம், வாங்க வேண்டாம்.

வீட்டில் அமிலமற்ற தாளில் பொதிந்து படுக்கை வாக்கில் வையுங்கள். இராமபாணப் பூச்சி தெரிந்தால் மருந்து அடிக்காதீர்கள். காற்றுப் புகாத கவரில் போட்டு, மைனஸ் 18 டிகிரிக்குக் கீழே போகும் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்து, அப்புறம் அறைச் சூட்டுக்கு வந்தபின் கவரைத் திறங்கள்.

கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற நூல் சேகரிப்பாளர் சேர்த்தவைதான் 1994-இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு அடித்தளமாயின. உங்களிடம் இருக்கும் பிரதி அங்கே உண்டா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் ஸ்கேன் செய்யக் கொடுங்கள். புத்தகத்தை முழுக்க விரித்து அழுத்தாமல், பாதி திறந்த நிலையில் படமெடுக்கச் சொல்லுங்கள், முதுகு பிளக்காது.