செட் பழுது என்று எழுதும் முன்

கப்பலில் ரேடியோ பொறுப்பு ஏற்கும் இளைய அதிகாரிகளுக்காக இதை எழுதுகிறேன்.

ஒரு கப்பலில் சேர்ந்த அன்று ரேடியோ லாக்கை, அதாவது பதிவேட்டைப் புரட்டினேன். கரை நிலையத்துக்கான வாராந்திரச் சோதனை அழைப்புக்கு மூன்று வாரமாகப் பதில் இல்லை. "செட் பழுது" என்று எழுதியிருந்தது. நேரத்தைப் பார்த்தேன்: மூன்று முறையும் நண்பகல், 4207.5 கிலோஹெர்ட்ஸ், அதாவது 4 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை. நிலையமோ 1,500 கிலோமீட்டருக்கு அப்பால். அன்று இரவு அதே செட்டில், அதே அதிர்வெண்ணில் கூப்பிட்டேன். பதில் வந்துவிட்டது.

பகலில் வெயில் பட்டு, 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் அயனி மண்டலத்தின் (வானில் காற்று மின்னேற்றம் பெற்றிருக்கும் பகுதி) டி அடுக்கு உருவாகிறது. அது அலையைத் திருப்பி அனுப்பாது, விழுங்கிவிடும். அதிர்வெண் குறையக் குறைய விழுங்குவது கூடும். அதனால்தான் 4 மெகாஹெர்ட்ஸ் பகலில் தொலைதூரம் எட்டுவதில்லை. பொழுது சாய்ந்ததும் டி அடுக்கு கலைந்துவிடும். அதற்கு மேலே, 200 கிலோமீட்டருக்கும் உயரத்தில் எஃப் அடுக்கு இரவிலும் நிற்கும். அலை அதில் பட்டுத் திரும்பி, கடல் தாண்டிப் போய் இறங்கும். ஆனால் இரவில் எஃப் அடுக்கும் மெலிவதால், 16 மெகாஹெர்ட்ஸ் பெரும்பாலும் அதைத் துளைத்துக்கொண்டு விண்வெளிக்குப் போய்விடும். ஆகவே தொலைதூரத்துக்குப் பகலில் 12, 16 மெகாஹெர்ட்ஸ். இரவில் 4, 6. இரண்டுக்கும் ஓரளவு கைகொடுப்பது 8.

சோதனை அழைப்பு என்பதால் போயிற்று. ஆபத்தில் கூப்பிட்டிருந்தால்? அந்த நேரத்தில் கணக்குப் போட யாருக்கும் நிதானம் இருக்காது. அபாய அழைப்பை ஒரே அதிர்வெண்ணில் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். 2187.5 தொடங்கி 16804.5 கிலோஹெர்ட்ஸ் வரை ஆறு அபாய அதிர்வெண்களிலும் வரிசையாக அனுப்பும் வசதி செட்டிலேயே உண்டு. அந்த மெனு எங்கே என்று இன்றே விரல் வைத்துப் பழகுங்கள்.

இன்னொன்று. அரபிக்கடலில் ஒருநாள் முற்பகல், கேட்டுக்கொண்டிருந்த நிலையங்கள் எல்லாம் சட்டென்று அடங்கின. வழக்கமான இரைச்சல்கூட மெலிந்துவிட்டது. "சார், ஆன்டெனா போயிடுச்சு போல" என்று கேடட் ஸ்பேனரை எடுத்துவிட்டார். சூரியச் சுடர் வெடிப்பு அது. அதன் எக்ஸ் கதிர் எட்டு நிமிடத்தில் பூமியை எட்டி, பகல் பக்கம் முழுக்க டி அடுக்கைத் தடிப்பாக்கிவிடும். அயனி மண்டலத்தை நம்பாமல் நேராகப் போகும் குறுந்தொலைவு ரேடியோவான விஎச்எஃப்பின் 16-ஆம் சேனலில் பக்கத்துக் கப்பலைக் கூப்பிட்டேன், தெளிவாகப் பேசினார்கள். அவர்களுடைய தொலைதூர செட்டிலும் அதே மௌனம்தான். "தம்பி, ஸ்பேனரை வைங்க" என்றேன். முக்கால் மணி நேரம் கழித்து முதலில் 16 மெகாஹெர்ட்ஸ் உயிர்பெற்றது, அப்புறம் 12, கடைசியாக 8.