பிக்கப்பை மாற்றும் முன் நட்டைப் பாருங்கள்: விலை குறைந்த ஆறு தந்தி பேஸ் வாங்கியவர்களுக்கு

போன மே மாதம், மழை பிடித்துக்கொண்ட ஒரு பின்னேரம், கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தம்பி ஆறு தந்தி பேஸ் கிற்றாரோடு வெள்ளவத்தையில் உள்ள என் பட்டறைக்கு வந்தார். தேவாலய ஆராதனைக் குழுவில் வாசிப்பவர். பேஸ் விலை குறைந்தது. அதில் புதிதாகப் பொருத்தியிருந்த பிக்கப்புகள், அதாவது தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் காந்தப் பாகங்கள், விலை கூடியவை.

"அண்ணா, பிக்கப் ரெண்டையும் மாத்தியாச்சு. ஆனா கீபோர்டோட சேர்ந்து வாசிச்சா இன்னும் சுருதி சேருதில்லை" என்றார்.

டியூனரைச் செருகி, ஈ தந்தியை முதலில் அழுத்தாமல் மீட்டச் சொன்னேன். ஊசி நடுவில் நின்றது. பன்னிரண்டாம் ஃப்ரெட்டிலும் (கிற்றாரின் கழுத்தான நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்தான் ஃப்ரெட்) கிட்டத்தட்டச் சரி. முதல் ஃப்ரெட்டை அழுத்தியதும் ஊசி வலப்பக்கம் ஓடிவிட்டது. கோளாறு பிக்கப்பில் இல்லை, நட்டில் இருந்தது. தலைப்பக்கத்தில் தந்திகள் உட்காருகிற அந்தச் சின்ன வெள்ளைத் துண்டில் பள்ளங்கள் போதிய ஆழத்துக்கு வெட்டப்படவில்லை. தந்தி உயரத்தில் நிற்பதால், முதல் ஃப்ரெட்டுக்கு அழுத்தும்போது அது கூடுதலாக இழுபட்டுச் சுருதி ஏறிவிடுகிறது. உலகத்தின் எந்தப் பிக்கப்பாலும் அதைத் திருத்த முடியாது. பள்ளங்களை அராவ எனக்கு முக்கால் மணி நேரம் எடுத்தது. பிக்கப்புக்கு அவர் போட்டது பல மாதச் சேமிப்பு.

இதை எழுத வைத்தது அந்தப் பின்னேரம்தான். 2022-இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறிய நாளிலிருந்து, வெளிநாட்டுப் பாகம் ஒன்றை வரவழைப்பது நம்மில் பலருக்குச் சின்னச் செலவு இல்லை. அந்தக் காசு தேவையில்லாத இடத்தில் போவதைப் பார்க்க எனக்கு மனசு தாங்குவதில்லை.

விலை குறைந்த ஆறு தந்தி பேஸ்களில் மரமும் உலோகமும் பெரும்பாலும் மோசமில்லை. இயந்திரம் வெட்டித் தருகிற வேலை இன்று எல்லா விலையிலும் ஒழுங்காகவே இருக்கிறது. குறைவது கடைசிக் கைவேலை: நட்டை அராவுவது, ஃப்ரெட்டுகளைச் சமன் செய்வது, நெக்கின் வளைவைச் சரிபார்ப்பது. இவற்றுக்கு அனுபவமுள்ள ஓர் ஆளின் நேரம் வேண்டும், அந்த நேரத்தைத்தான் தொழிற்சாலை மிச்சம் பிடிக்கிறது. நாலு தந்தி பேஸில் அது கொஞ்சம் மறைந்துபோகும். ஆறில் மறையாது. நெக் அகலம், தந்தி அதிகம். பொதுவான ஒரு செட்டில் மிக மெல்லிய சி தந்தியின் தடிப்பு 0.032 அங்குலம், மிகத் தடித்த பி தந்தியினது 0.130 அங்குலம். ஆறும் சேர்ந்து நெக்கை இழுக்கும் விசை 100 கிலோ எடைக்குக் குறையாது.

இன்றைய அமைப்பில் இந்தக் கருவி மலிவு விலைக்கென்று பிறந்ததல்ல. ஆறு தந்தியோடு பேஸ் 1956-இலேயே டேனெலெக்ட்ரோவிடமிருந்து வந்தது, 1961-இல் ஃபெண்டரும் ஒன்று வெளியிட்டது. ஆனால் அவை சாதாரண கிற்றாரை ஒரு ஸ்தாயி கீழே இறக்கியவை. கீழே ஒரு பி, மேலே ஒரு சி என்று நாம் இன்று வாசிக்கும் அமைப்பு, அந்தனி ஜாக்சன் கேட்டு 1975-இல் கார்ல் தொம்சன் செய்துகொடுத்த பேஸோடு தொடங்கியது. கையால், ஒருவருக்காகச் செய்யப்பட்ட கருவி. அந்தக் கைவேலையை நம் மலிவு பேஸுக்கு நாமே கொடுக்கலாம்.

வேலையைப் புதுத் தந்தியோடு தொடங்குங்கள். கடையில் தொங்கிய காலமெல்லாம் பழைய தந்தி நம் கடற்காற்றில் துருவேறியிருக்கும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை என்று ரயில் பாதையோரம் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜன்னல் கம்பியைப் பார்த்தாலே தெரியும். மேற்பூச்சுள்ள தந்தி விலை கூட என்றாலும் நம்மூரில் அது கட்டுப்படியாகும். பி தந்தியை வெட்டும் முன், வெட்டப்போகிற இடத்துக்குச் சற்று உள்ளே செங்குத்தாக மடியுங்கள். மடிக்காமல் வெட்டினால் மேலே சுற்றிய கம்பி உள்கம்பியின் மேல் நழுவி, தந்தி உயிரில்லாமல் ஒலிக்கும். கட்டிய பிறகு நட்டுக்குப் பக்கத்திலும் உடல் பக்கத்தில் தந்திகளைத் தாங்கும் பாலத்தில், ஒவ்வொரு தந்தியும் உட்காரும் சிறு துண்டான சாடிலுக்குப் பக்கத்திலும் விரலால் மெல்ல அழுத்திவிடுங்கள். தடித்த பி தந்தி அந்த இரண்டு இடத்திலும் வில்லாக வளைந்து நிற்கும் பழக்கமுள்ளது. அதை நேராக்கிவிட்டாலே "பி தந்தி தெளிவில்லை" என்கிற முறைப்பாட்டில் பாதி போய்விடும்.

அப்புறம் நெக். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் ஒரே நேரம் அழுத்திப் பிடித்தால் தந்தி ஒரு நேர்கோடாகிவிடும். எட்டாம் ஃப்ரெட்டின் முதுகுக்கும் தந்திக்கும் இடையில் 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர் இடைவெளி இருந்தால் போதும். அளக்க ஃபீலர் கேஜ் வேண்டும். கிற்றார் கருவியென்று தேடி அலைய வேண்டாம். பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகம் விற்கும் கடைகளில் கேளுங்கள். எஞ்சின் வால்வு இடைவெளி பார்க்கிற அதே தகடுகள்தான்.

இடைவெளி கூடினால், நெக்கின் உள்ளே ஓடி அதன் வளைவைக் கட்டுப்படுத்தும் ட்ரஸ் ராட் என்ற கம்பியை வலஞ்சுழியாக இறுக்க வேண்டும். இங்கேதான் நான் அதிகம் பயப்படுகிறேன். பட்டறைக்கு வருகிற பாழான நெக்குகளில் பலவற்றில் திருகின் அறுகோணத் துளை வழுக்கிப் போயிருக்கும். அளவு சரியாகப் பொருந்தாத அலன் கீயைப் போட்டு, "கொஞ்சம் பலமாத் திருப்பினாச் சரிவரும்" என்று நினைத்த கையின் வேலை. தந்திகளைச் சற்றுத் தளர்த்துங்கள், ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் போகாதீர்கள், மறுபடி சுருதி சேர்த்து அளந்து பாருங்கள். சில நெக் உடனே அசையும், சிலது மறுநாள்தான் அசையும். கடினமாக இருந்தால் நிறுத்திவிடுங்கள். அகலமான நெக்கில் இரண்டு ட்ரஸ் ராட் இருந்தால் இரண்டையும் சிறிது சிறிதாக மாறி மாறித் திருப்புங்கள். ஒன்றை மட்டும் இறுக்கினால் நெக் முறுக்கிக்கொள்ளும்.

நெக் சரியான பிறகே நட். ஒரு தந்தியை இரண்டாம் ஃப்ரெட்டுக்கும் மூன்றாம் ஃப்ரெட்டுக்கும் நடுவில் அழுத்துங்கள். முதல் ஃப்ரெட்டின் மேல் ஒரு தாளளவு இடைவெளிதான் தெரிய வேண்டும். புதுப் பேஸ்களில் அதைவிடப் பல மடங்கு தெரியும். அதற்கென்றே செய்த அரங்கள் விலை அதிகம். மெல்லிய தந்திகளின் பள்ளத்துக்கு, காஸ் வெல்டிங் முனையைத் துப்புரவாக்கும் கம்பி அரங்கள் உதவும். பி தந்தியின் பள்ளத்துக்கு, பழைய தந்தித் துண்டொன்றில் மெல்லிய உப்புத்தாளைச் சுற்றித் தேய்க்கலாம். தாளின் தடிப்பும் சேரும் என்பதால் ஒரு சைஸ் மெலிந்த தந்தியை எடுங்கள். பள்ளம் தலைப்பக்கமாகச் சற்றுச் சரிய வேண்டும், தந்தி ஃப்ரெட்போர்ட் பக்க விளிம்பில் உட்கார வேண்டும். இரண்டு தேய்ப்பு, ஒரு அளவு. அவசரப்பட்டு ஆழமாகிவிட்டால் அழுத்தாத தந்தி முதல் ஃப்ரெட்டில் பட்டு இரையும். அப்போதும் மனம் தளர வேண்டாம். பள்ளத்தில் சிட்டிகை அப்பச்சோடா வைத்து ஒரு சொட்டு சூப்பர் குளூ விட்டால் கல்லாக இறுகும், மறுபடி அராவலாம். நான் பழகிய காலத்தில் என்னைப் பலமுறை காப்பாற்றிய வித்தை அது.

பாலத்தில் தந்தி உயரம் சரிபார்ப்பதை யாரும் கற்றுக்கொள்ளலாம். பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் மேல் பி தந்திக்கு 2.5 மில்லிமீற்றர், சி தந்திக்கு 2 என்று தொடங்கி, உங்கள் கை கேட்கிறபடி மாற்றுங்கள். சாடில்களை அடிவரை இறக்கியும் தந்தி உயரமாகவே நின்றால் நெக் பொருந்துகிற பள்ளத்தில் மெல்லிய ஆப்பு வைக்க வேண்டும், அது வேறு நாளைக்குரிய வேலை. சுருதித் தானம், அதாவது மேல் ஃப்ரெட்டுகளிலும் சுருதி சேர்கிறதா என்று பார்க்கும்போது, பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்தி வரும் சுரம், அதே இடத்தில் அழுத்தாமல் தொட்டு மீட்டினால் வரும் ஹார்மோனிக்கைவிட ஏறியிருந்தால் சாடிலைப் பின்னுக்கு நகர்த்துங்கள். மலிவுப் பாலங்களில் பி தந்தியின் சாடில் பின்னுக்குப் போக இடமில்லாமல் முட்டி நிற்கும். பலர் அங்கேயே புதுப் பாலம் தேடத் தொடங்குகிறார்கள். திருகில் உள்ள ஸ்பிரிங்கைக் கழற்றிப் பாதியாக வெட்டிப் போடுங்கள், வேண்டிய இடம் கிடைத்துவிடும்.

ஒரு குறிப்பிட்ட ஃப்ரெட்டில் மட்டும் இரைச்சல் என்றால் அந்த ஃப்ரெட்டோ, அதற்கு அடுத்ததோ சமனில்லை. மூன்று ஃப்ரெட்டுகளின் மேல் நேரான உலோக விளிம்பொன்றை வைத்து ஆட்டிப் பாருங்கள், உயர்ந்த ஃப்ரெட் கொட்டுக் கொட்டென்று காட்டிக்கொடுக்கும். சமன் செய்வதை மட்டும் தெரிந்தவரிடம் கொடுக்கச் சொல்வேன். ஃப்ரெட்டில் அராவியெடுத்த உலோகம் திரும்பி வராது.

ஃப்ரெட்போர்டில் தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அது மரத்தில் ஊறிக் காறல் வாடை பிடிக்கும், நம் ஈரப்பதத்தில் அழுக்கைச் சேர்த்து வைக்கும். தேசிக்காய்ச் சாறும் வேண்டாம், அது அமிலம். ஃப்ரெட்போர்டுக்கென்றே விற்கிற கனிம எண்ணெய் சில சொட்டு, ஆண்டுக்கு ஒன்றிரண்டு தடவை போதும்.

சரி, இத்தனையும் முடிந்து இரண்டு கிழமை வாசித்த பிறகும் ஒலி பிடிக்கவில்லை என்றால் மின்பக்கம் போகலாம். முதலில் பிக்கப்பின் உயரம். பி பக்கம் தந்திக்கு மிகக் கிட்ட இருந்தால் காந்தம் தந்தியை இழுத்துச் சுரத்தைத் தள்ளாட வைக்கும். சற்று இறக்கினாலே தெளியும். மலிவு பேஸ்களில் என்னை அதிகம் ஏமாற்றுவது உள்ளே இருக்கிற பற்றரிச் சுற்று, அதுதான் பல நேரம் இரைகிறது. பிக்கப்பே பற்றரியில் இயங்குவதாக இல்லாவிட்டால் அந்தச் சுற்றைத் தாண்டி, ஒரு வால்யூம், ஒரு டோன், 0.047 மைக்ரோஃபாரட் கொள்ளளவி என்று எளிமையாக வயர் போடலாம். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் இந்தப் பாகங்கள் கிடைக்கும். பற்றரிச் சுற்றை வைத்திருப்பவர்கள் வாசித்து முடிந்ததும் வயரைக் கழற்றிவையுங்கள். செருகியே இருந்தால் பற்றரி இறங்கிக்கொண்டே போகும்.

உறுமல் சத்தம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கே மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ஈ தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டில் வருகிற ஜி சுரம் 49 ஹேர்ட்ஸ். ஆகவே உறுமல் பேஸின் நட்ட நடுவில், ஒரு சுரம் போலவே உட்காருகிறது. வடிகட்டி எடுத்தால் சுரமும் சேர்ந்து போகும். தந்தியைத் தொட்டதும் உறுமல் குறைந்தால் பாலத்துக்கான பூமி இணைப்பு வேலை செய்கிறது, உள்ளே கவசம்தான் போதாது. பிக்கப்பும் வயர்களும் இருக்கிற குழிகளுக்குச் செப்புத் தாள் ஒட்டிப் பூமி வயரோடு சோல்டர் பண்ணுங்கள். தொட்டாலும் மாற்றமே இல்லையென்றால் பாலத்துக்குப் போகும் வயர் விட்டிருக்கக்கூடும்.

செய்யவே கூடாதது ஒன்று உண்டு. உறுமலை நிறுத்த அம்ப்ளிஃபயர் பிளக்கின் பூமி முனையை முறிப்பது, அல்லது இரண்டு முனை அடாப்டரில் செருகுவது. கோயில் திருவிழா மேடைகளிலும் மண்டபங்களிலும் இதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். உங்கள் தந்திகள் அம்ப்ளிஃபயரின் உடலோடு இணைந்தவை. பூமி இணைப்பில்லாத அம்ப்ளிஃபயரில் கசிவு ஏற்பட்டால் 230 வோல்ட் உங்கள் விரலில் நிற்கும், உதடு மைக்கில் பட்டதும் உடம்பின் வழியாகப் பாயும். 1972 மே மாதம் வேல்ஸின் சுவான்சியில் லெஸ் ஹார்வி என்ற கிற்றார் கலைஞர் மேடையிலேயே மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தார். நம் பக்கமோ மழையில் நனைந்த மேடை, ஜெனரேட்டர் மின்சாரம், வெறுங்கால். இவை மூன்றும் சேர்ந்தே வரும். வாசிக்கும் முன் ட்ரிப் சுவிச் இருக்கிறதா என்று ஒலியமைப்பாளரிடம் கேளுங்கள். இல்லையென்றால் வாசிக்க மறுங்கள்.

கடைசியாக அம்ப்ளிஃபயர். திறந்த பி தந்தி 31 ஹேர்ட்ஸ். வீட்டில் வைத்திருக்கும் எட்டு அங்குல ஸ்பீக்கரால் அந்த அடிச்சுரத்தைத் தர முடியாது. அதன் மேற்சுரங்களைத்தான் நாம் கேட்கிறோம். பி தந்தி கேட்கவில்லையென்று பேஸ் குமிழை முழுதாகத் திருப்பினால் ஸ்பீக்கர் கிழியக்கூடும். குறை கருவியுடையதல்ல, அந்தச் சின்னப் பெட்டி அவ்வளவுதான் தரும்.

கொட்டாஞ்சேனைத் தம்பியிடம் பேஸைத் திருப்பிக் கொடுத்தபோது ஒரு மட்டையில் எழுதி உறைக்குள் வைத்தேன்: நெக் 0.35, பி 2.6, சி 1.9, அன்றைய திகதி. எங்கள் மரம் ஓரிடத்தில் நிற்காது. ஏசி ஓடும் தேவாலயத்துக்கும் மழை ஈரம் நிற்கும் வீட்டுக்கும் இடையில் போய்வரும் நெக் அசையத்தான் செய்யும். எந்தப் பக்கம் என்பது மரத்துக்கு மரம் மாறும். நவம்பரில், அடைமழைக்குப் பிறகு, அவரிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. பஞ்சிகாவத்தையில் ஃபீலர் கேஜ் வாங்கியிருந்தார். நெக் 0.5 காட்டியதாம். தந்தியைத் தளர்த்தி, கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பிவிட்டு, மறுநாள் காலை வரை காத்திருந்து மறுபடி அளந்திருக்கிறார். பதிவின் கடைசியில் முதல் ஃப்ரெட் எஃப் சுரத்தைக் கீபோர்டோடு சேர்த்து ஒரு தடவை வாசித்துக் காட்டினார்.