வைஃபை சிப்பைப் பார்த்து லினக்ஸ் தேர்ந்தெடுங்கள்

"அண்ணா, லினக்ஸ் போட்டுட்டேன். ஆனா வைஃபை ஐகானே காணோம்ணா."

"எந்த லினக்ஸ்னு அப்புறம் சொல்லு. உள்ள என்ன வைஃபை சிப் இருக்கு, அதைச் சொல்லு முதல்ல."

தருமபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு லேப்டாப் சர்வீஸ் கடையில் காதில் விழுந்த பேச்சு இது. கடைக்காரர் கேட்டதுதான் சரியான கேள்வி. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டதால், பழைய லேப்டாப்பைத் தூக்கிப்போட மனமில்லாதவர்கள் லினக்ஸ் பக்கம் வருகிறார்கள். இது விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளம்; டெபியன், உபுண்டு, மின்ட் என்று பல வகைகள் உண்டு. வந்ததும் முதலில் தடுக்கி விழுவது இன்டர்நெட்டில்தான்.

வைஃபை சிப்புக்குள்ளேயே ஒரு குட்டி பிராசசர் இருக்கிறது. அதை ஓட்டும் புரோகிராமுக்குப் பெயர் ஃபர்ம்வேர். பெரும்பாலான சிப்களில் இது நிரந்தரமாகப் பதிந்திருக்காது. கரண்ட் போனால் அழிந்துவிடும். ஒவ்வொரு முறை கணினி எழும்போதும் லினக்ஸின் டிரைவர் (சிப்போடு பேசும் புரோகிராம்) அந்த ஃபர்ம்வேர் கோப்பை டிஸ்கிலிருந்து எடுத்து சிப்புக்குள் ஏற்ற வேண்டும். கோப்பு இல்லையென்றால் டிரைவர் இருந்தும் பயனில்லை, சிப் ஊமையாகக் கிடக்கும்.

அந்தக் கோப்பை எழுதியது சிப் தயாரித்த நிறுவனம். அதன் மூலநிரலை (புரோகிராமர் எழுதிய வரிகளை) வெளியிடாது. மூலநிரல் திறந்திருக்கும் கட்டற்ற மென்பொருள் மட்டும்தான் என்று கொள்கை வைத்திருந்த டெபியன், இதனாலேயே பல ஆண்டுகள் அதைத் தன் அதிகாரப்பூர்வ இன்ஸ்டாலரில் சேர்க்கவில்லை. கொள்கை மெச்சத்தக்கதுதான், ஆனால் புதிதாக வருபவர் பாடு திண்டாட்டம். ஃபர்ம்வேர் இறக்க இன்டர்நெட் வேண்டும், இன்டர்நெட் வர ஃபர்ம்வேர் வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதை. 2022-ல் டெபியன் உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு முடிவை மாற்றினார்கள். 2023-ல் வந்த டெபியன் 12 முதல் ஃபர்ம்வேர் கூடவே வருகிறது. உபுண்டுவும் லினக்ஸ் மின்ட்டும் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே சேர்த்துத்தான் தருகின்றன.

அதனால் என் ஓட்டு மின்ட்டுக்கு. பழைய மெஷின் என்றால் அதன் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு. 2 ஜிபி ரேம் அடிமட்டம், 4 ஜிபி இருந்தால் நிம்மதி. முதலில் மின்ட்டைப் பென்டிரைவில் எழுதி, இன்ஸ்டால் செய்யாமலே லைவாக ஓட்டிப் பாருங்கள். கீழே வலது மூலையில் நெட்வொர்க் ஐகானைத் தட்டினால் பக்கத்து வீட்டு வைஃபை பெயர்கள் வரிசையாகத் தெரிகிறதா? தெரிந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. முகவரி வாங்குவது, டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றும் சேவை) அமைப்பது எல்லாவற்றையும் நெட்வொர்க் மேனேஜர் என்ற புரோகிராம் பார்த்துக்கொள்ளும்.

தெரியவில்லையென்றால் பெரும்பாலும் பிராட்காம் நிறுவனத்தின் பழைய சிப்பாக இருக்கும். பென்னாகரம், அரூர் பக்கக் கிராமங்களில் பல வீடுகளில் போன்தான் இன்டர்நெட். இங்கே அதுவே கைகொடுக்கும். ஆண்ட்ராய்டு போனை டேட்டா கேபிளில் சொருகி, செட்டிங்ஸில் யூஎஸ்பி டெதரிங்கை (போனின் இன்டர்நெட்டைக் கேபிள் வழியே பகிர்வது) ஆன் செய்யுங்கள். சில நொடிகளில் ஐகான் கம்பி இணைப்பாக மாறும். போன் தன்னை ஒரு ஈதர்நெட் (கம்பி நெட்வொர்க்) கார்டாகக் காட்டிக்கொள்கிறது. அதற்கான டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருப்பதால் எந்த ஃபர்ம்வேரும் தேவையில்லை. (சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவு கேபிள் உதவாது.) இப்படியே இன்ஸ்டால் செய்து முடித்துவிட்டு, மின்ட்டில் உள்ள டிரைவர் மேனேஜரைத் திறந்தால் பிராட்காம் டிரைவரை அதுவே பரிந்துரைக்கும். செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் எழவிடும் பாதுகாப்பு) ஆனில் இருந்தால் ஒரு பாஸ்வேர்ட் வைக்கச் சொல்லும். மறுமுறை எழும்போது நீலத் திரையில் அதையே கேட்கும். பயந்து ரீஸ்டார்ட் செய்துவிடாதீர்கள், அங்கே அனுமதி கொடுத்தால்தான் டிரைவர் வேலை செய்யும்.

ஆர்ச் என்ற இன்னொரு லினக்ஸை யூடியூபில் பார்த்து ஆசைப்படுபவர்கள் உண்டு. கையால் நிறுவும்போது நெட்வொர்க் மேனேஜரையும் நீங்களே சேர்க்க வேண்டும். மறந்தால் ரீபூட்டுக்குப் பிறகு நெட் இருக்காது. முதல் லினக்ஸாக அது வேண்டாம்.

இந்தக் கணக்கு பழைய லேப்டாப்புக்குத்தான். ஓசூரில் போன வாரம் வாங்கிய புத்தம்புது மாடல் என்றால் நிலைமை தலைகீழ்: அதன் சிப்பைப் பழைய கெர்னலுக்கு அடையாளமே தெரியாமல் போகலாம். அதற்கு ஃபெடோரா என்ற லினக்ஸோ உபுண்டுவின் ஆகப் புதிய பதிப்போ பொருத்தம்.